மருத்துவ அமானிதம்: 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் வரலாறும் நமது கொடையும்

 

ரமளான் பிறை தென்பட்டதும் உதவி கோரும் வேண்டுகோள்கள் நம் இல்லங்களை வந்தடையத் தொடங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் ரசீதுப் புத்தகத்துடன் மதரஸாக்களின் சார்பில் ஹஜ்ரத்மார்கள் வருவார்கள். அவர்களது ஊரையும் உஸ்தாதையும் விசாரித்தறிந்து கொடுத்தனுப்புவோம். இப்போது கைப்பேசியிலேயே படங்கள் வந்து சேருகின்றன. காஸாவில் இடிந்த மருத்துவமனை, எமன் நாட்டில் எலும்பும் தோலுமான குழந்தை, வங்கதேச முகாமில் ரோஹிங்கியா தாய். படத்தின் கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். இவற்றுள் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் பிரெஞ்சுப் பெயருடைய அமைப்பைப் பற்றியே வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் அதிகமாகக் கேட்கின்றனர். முஸ்லிம்கள் நடத்தாத அமைப்புக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது ஜகாத்தாகுமா? கொடுத்த பணம் உரிய இடத்தைச் சேருமா?

இக்கேள்விகளுக்கு ஃபத்வாவை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. ஆனால், ஒருவரை நம்பிப் பொருளை ஒப்படைக்கலாமா என்பது சட்டப் பிரச்சினையாக இருப்பதோடு, அவரது நடத்தையை அறியும் பிரச்சினையாகவும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொரு மனிதரை நல்லவர் என்று சான்றுரைத்தபோது, அவருடைய அண்டை வீட்டில் நீர் வசித்ததுண்டா, அவரோடு பயணம் செய்ததுண்டா, தீனார் திர்ஹம் விஷயத்தில் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்ததுண்டா என்று அடுத்தடுத்து வினவினார்கள். எல்லாவற்றுக்கும் அவர் இல்லை என்றார். அப்படியாயின் பள்ளிவாசலில் அவர் குனிந்து நிமிர்வதைத்தான் நீர் பார்த்திருப்பீர், அவரை நீர் அறிந்தவரல்லர் என்று கூறி அச்சான்றை உமர் (ரலி) அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். படத்தையும் துண்டறிக்கையையும் பார்த்து ஒரு நிறுவனத்தை மதிப்பிடுவதும் அதைப் போன்றதே. பயணத்திலும் பணத்திலும் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு நம் கண் முன் இருக்கிறது. அதையே இங்கு நாம் நோக்குகின்றோம்.

முஸ்லிமல்லாதவரின் நம்பகத்தன்மை

முதற்கேள்விக்கு ஹிஜ்ரத்தின் வரலாறே விடை தருகிறது. மக்காவிலிருந்து மதீனா செல்ல வழிகாட்டியாக நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது குறைஷிகளின் மார்க்கத்திலேயே இருந்தார். இரு ஒட்டகங்களும் அவர் வசம் முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்கு அவற்றைக் கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. குறைஷிகளோ நூறு ஒட்டகங்களைப் பரிசாக அறிவித்திருந்தனர். அவர் சொன்ன நேரத்தில் வந்தார். பாதையை நன்கறிந்தவர், வாக்கை மீறாதவர் என்னும் இரண்டு தகுதிகளே அங்கு கவனிக்கப்பட்டன.

மருத்துவ அறக்கொடையைப் பொறுத்தவரை நமது சமுதாயத்திற்கு அது கடன் வாங்கிய கருத்தன்று. கி.பி. 1154இல் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ டமாஸ்கஸில் ஒரு பீமாரிஸ்தானைக் கட்டினார். படையெடுப்பின்போது நோயுற்ற கலாவூன் என்னும் தளபதி அங்கிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்து, தாம் ஆட்சிக்கு வந்தால் இதைப் போன்றதொன்றைக் கட்டுவேன் என்று நேர்ச்சை செய்துகொண்டார். பின்னர் எகிப்தின் சுல்தானாகி, 1284இல் கெய்ரோவில் அதை நிறைவேற்றினார். செல்வர், வறியவர், ஆண், பெண் யாவருக்கும் அது திறந்திருந்தது. கடைகள், நிலங்கள் ஆகியவற்றின் வருமானம் அதற்கு வக்ஃபு செய்யப்பட்டிருந்தது. அவ்விடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை இயங்குகிறது. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையை மார்க்கச் சட்டத்தின் வாசகத்துக்கு நிகராக மதிக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் வகுத்த விதியை இங்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

பிறப்பு

இவ்வமைப்பு இரண்டு பேரிடர்களிலிருந்து பிறந்தது. முதலாவது, 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடைபெற்ற பியாஃப்ரா உள்நாட்டுப் போர். முற்றுகையிடப்பட்ட பகுதியில் குழந்தைகள் பட்டினியால் மடிந்தனர். அங்கு செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் பணிக்குச் சென்ற பெர்னார்ட் குஷ்னெர் முதலிய பிரெஞ்சு மருத்துவர்கள், கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்னும் அச்சங்கத்தின் மௌன விதியை ஏற்க மறுத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் முகாம்களைப் பற்றி அறிந்திருந்தும் அச்சங்கம் வெளிப்படையாகப் பேசாமலிருந்த கறை அவர்கள் மனத்தில் இருந்தது. இரண்டாவது பேரிடர், 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயல். மூன்று இலட்சத்திற்கும் அதிகமான மக்கள் மாண்டதாக மதிப்பிடப்படும் அப்பேரழிவு, இவ்விரு முனைகளிலும் ஈடுபட்டிருந்த மருத்துவர்களையும் பத்திரிகையாளர்களையும் பாரிஸில் ஒன்றிணைத்தது. 1971 டிசம்பரில் அமைப்பு தொடங்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். பியாஃப்ராவின் பட்டினிப் படங்களை அப்பகுதித் தலைவர்களே, ஜெனீவாவில் ஒரு விளம்பர நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தி, அரசியல் ஆயுதமாக்கினர். பட்டினி மெய், அதைக் காட்டிய நோக்கம் வேறு. பிற்காலத்தில் இவ்வமைப்பின் தலைவராக இருந்த ரோனி பிரோமன் போன்றோர் இதை எடுத்துச் சொல்லித் தம் அமைப்பின் பிறப்புக் கதையையே விமர்சித்தனர். தன் மூதாதையர் கதையைச் சல்லடையில் போட்டுப் பார்க்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு. நமது தர்காக்களின் வரலாற்று நூல்களில்கூட இதை நாம் எதிர்பார்க்க முடிவதில்லை!

மற்றொரு குழப்பத்தையும் நீக்க வேண்டியுள்ளது. குஷ்னெர் பின்னாளில் பிரான்சின் வெளியுறவு அமைச்சரானார். 2003ஆம் ஆண்டு ஈராக் படையெடுப்பின்போது சதாமை அகற்றுவதற்கு ஆதரவாகப் பேசியவர்களுள் ஒருவர். அதனால் இவ்வமைப்பையும் அவரோடு சேர்த்துச் சிலர் தூற்றுகின்றனர். அவரோ வியட்நாம் அகதிகளுக்குக் கப்பல் அனுப்புவது பற்றிய கருத்து வேறுபாட்டில் 1979ஆம் ஆண்டே வெளியேறி, அடுத்த ஆண்டு வேறோர் அமைப்பைத் தொடங்கிவிட்டார். தீயவன் ஒருவன் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்த வேண்டாமென்று சூரத்துல் ஹுஜுராத் எச்சரிப்பது கைப்பேசிச் செய்திகளுக்கும் பொருந்தும்.

பயணத்தில் அறிதல்

1980இலிருந்து இவர்களது மருத்துவர்கள் பாகிஸ்தான் எல்லையிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குள் இரகசியமாக நுழையத் தொடங்கினர். சோவியத் ஆக்கிரமிப்பின் கீழிருந்த மலைக் கிராமங்களுக்குக் கோவேறு கழுதைகளில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் நடந்தனர். அரசாங்க அனுமதி கிடையாது; அகப்பட்டால் சிறை. அவர்கள் நடத்திய மருத்துவ நிலையங்களும் வானிலிருந்து தாக்கப்பட்டன. பெண்கள் பலர் இக்குழுக்களில் இருந்ததால், அந்நிய ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கும் ஆப்கான் தாய்மார்களுக்கும் சிகிச்சை கிடைத்தது.

பின்னர் வல்லரசு மாறியது. இவர்களது நிலை மாறவில்லை. 2004ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டுப்படையினர் ஸாபுல் மாகாணத்தில் துண்டறிக்கைகளை வீசினர். தாலிபான்களைப் பற்றித் தகவல் கொடுத்தால்தான் உதவிகள் தொடரும் என்பது அவற்றின் சாரம். மருந்தை உளவுக்கு விலையாக்குவதா என்று இவ்வமைப்பு பகிரங்கமாகக் கண்டித்தது. அதே ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பாத்கீஸ் மாகாணத்தில் இவர்களுடைய ஊழியர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றவாளிகளை அரசு தண்டிக்க முன்வரவில்லை. தாலிபான் தரப்பில் பேசிய ஒருவரோ இவர்கள் அமெரிக்காவுக்காக உழைப்பவர்கள் என்றார். இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிய நாட்டை விட்டு வெளியேறினார்கள். 2009இல் மீண்டும் வந்தார்கள்.

2015 அக்டோபர் 3ஆம் நாள் பின்னிரவில் குந்தூஸ் நகரிலிருந்த இவர்களது மருத்துவமனையை அமெரிக்கப் போர் விமானம் ஒரு மணி நேரத்திற்கு மேல் தாக்கியது. மருத்துவமனை இருக்குமிடத்தின் துல்லியமான விவரத்தை எல்லாத் தரப்பினருக்கும் முன்பே கொடுத்திருந்தனர். தாக்குதலின்போதும் தொலைபேசியில் மன்றாடினர். நோயாளிகள், பராமரிக்க வந்தவர்கள், ஊழியர்கள் என 42 பேர் உயிரிழந்தனர். அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். 16 இராணுவத்தினர் மீது நிர்வாக நடவடிக்கை எடுக்கப்பட்டது. குற்ற வழக்கு எவர் மீதும் இல்லை. ஜெனீவா உடன்படிக்கையின் கீழுள்ள உண்மை கண்டறியும் ஆணையம் சுயேச்சையாக விசாரிக்க வேண்டுமென்று இவ்வமைப்பு கேட்டது, அது நடைபெறவேயில்லை. அம்மருத்துவமனையில் அரசுப் படையினரும் தாலிபான்களும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரம் 1995 ஜூலை 11ஆம் நாள் வீழ்ந்தபோது, ஐ.நா. 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று அறிவித்திருந்த அவ்வூரில் இவர்களது சிறு குழுவொன்று இருந்தது. அதையடுத்த சில நாட்களில் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் படுகொலை செய்யப்பட்டனர். இவ்வமைப்பு அதோடு விட்டுவிடவில்லை. ஐ.நா. படைக்குத் தளபதிகளைத் தந்த தனது சொந்த நாடான பிரான்சே இதில் பொறுப்பேற்க வேண்டும் என்றும், பாராளுமன்ற விசாரணை தேவை என்றும் 2000ஆம் ஆண்டில் வற்புறுத்தியது, விசாரணையும் நடைபெற்றது.

1999இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஆஸ்லோ நகர மேடையில் இவர்களது தலைவர் ஜேம்ஸ் ஓர்பின்ஸ்கி, அவையில் இருந்த ரஷ்யத் தூதரை விளித்து, செச்னியாவின் க்ரோஸ்னி நகர மக்கள் மீது குண்டு வீசுவதை நிறுத்துங்கள் என்று கூறினார். பரிசு வாங்கும் மேடையில் விருந்தினரைச் சங்கடப்படுத்துவது அரிது. செச்னிய முஸ்லிம்களுக்காக அன்று அம்மேடையில் பேச வேறு யார் இருந்தார்கள்?

ரோஹிங்கியா மக்களின் விஷயத்தில் இவர்கள் செய்தது வேறு வகையானது. 2014 பிப்ரவரியில் மியான்மர் அரசு இவர்களை ரகைன் மாநிலத்திலிருந்து வெளியேற்றியது. ஒரு கிராமத்தில் வன்முறை நடைபெறவேயில்லை என்று அரசு சாதித்துக்கொண்டிருந்தபோது, அவ்வட்டாரத்தில் காயமுற்ற 22 பேருக்குச் சிகிச்சையளித்ததாக இவர்கள் கூறியதன் பின் அது நிகழ்ந்தது. 2017இல் இலட்சக்கணக்கானோர் வங்கதேசத்திற்கு ஓடி வந்தபோது, முகாம்களில் குடும்பம் குடும்பமாக விசாரித்துக் கணக்கெடுத்தனர். ஆகஸ்ட் 25 முதல் ஒரே மாதத்தில் குறைந்தது 6,700 பேர் வன்முறையால் கொல்லப்பட்டனர் என்றும், அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 730 பேராவது இருப்பர் என்றும் வெளியிட்டனர். அரசு சொன்ன எண்ணிக்கை 400. அநியாயம் இழைக்கப்பட்டவனுக்காகச் சாட்சியம் சொல்வதை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்று சூரத்துல் பகராவில் படிக்கும் நமக்கு, அந்தக் கணக்கெடுப்பின் மதிப்பு விளங்கும். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் இவர்களுடைய ஊழியர் பத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டுள்ளனர்.

தீனாரில் அறிதல்

பயணத்தைவிடப் பணமே கடுமையான சோதனை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியதை நம் கடலோர ஜமாஅத்தார்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நாகப்பட்டினம், கடலூர் மாவட்டங்களில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் திறந்துவிடப்பட்டன. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் இருப்பிடமும் அளித்ததை நாடறியும். அந்நாட்களில் இன்னொரு காட்சியையும் பலர் கண்டிருப்பீர்கள். வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் வாங்குவாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. கொடுப்பவர் மனம் நிறைந்தது. பெறுபவருக்கோ அது தேவைப்படவில்லை.

உலகமெங்கும் அன்று அந்நிலைதான். எல்லா நிறுவனங்களும் சுனாமி நிதிக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தன. அலை தாக்கி ஒரு வாரம் கழிந்த நிலையில், 2005 ஜனவரி 3ஆம் நாள், இவ்வமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு ஓர் அறிவிப்புச் செய்தது. சுனாமிப் பகுதிகளில் நாங்கள் செய்யக்கூடிய மருத்துவப் பணிக்குப் போதிய பணம் வந்துவிட்டது, இனி அதன் பெயரால் அனுப்ப வேண்டாம் என்பதே அது. மற்ற நிறுவனங்கள் சினங்கொண்டன. மக்களின் இரக்கத்தை அணைத்துவிடுகிறீர்கள் என்று குற்றஞ்சாட்டின. அதற்குள் இவர்களிடம் வந்து சேர்ந்தது சுமார் 11 கோடி யூரோ. அலையால் இறந்தவர் மிக அதிகம், காயமுற்றுப் பிழைத்தவர் ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் மருத்துவப் பணிக்கு அதில் ஒரு பகுதியே போதுமானதாக இருந்தது.

மிஞ்சிய பணத்தை என்ன செய்வது? பொதுக்கணக்கில் சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவ்வாறு செய்யாமல், கொடுத்தவர்களையே தேடி எழுதினர். உங்கள் பணத்தை வேறு பேரிடர்களுக்குச் செலவிட அனுமதிப்பீர்களா, இல்லையேல் திருப்பித் தருகிறோம் என்று கேட்டனர். ஏறத்தாழ அனைவருமே இசைந்தனர். நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே பணத்தைத் திரும்பக் கேட்டனர். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை பற்றி மேலே குறிப்பிட்டோமே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஃபிக்ஹுக் கிதாபைத் திறந்தறியாதவர்கள் அதன் கருத்தைச் செயலில் காட்டியிருக்கிறார்கள். பள்ளி விரிவாக்கத்திற்கென்று வசூலித்ததை மின்கட்டணத்திற்கும், கபரஸ்தான் சுவருக்கென்று வசூலித்ததை மீலாது விழாவுக்கும் மாற்றிக்கொள்ளும்போது, கொடுத்தவரிடம் ஒரு சொல் கேட்கும் வழக்கம் நமது ஊர்களில் எத்தனை முத்தவல்லிகளிடம் இருக்கிறது?

இசைவு பெற்ற அப்பணம் சென்ற இடங்களைக் கேட்டால் வியப்பீர்கள். 2005இல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் உணவுப் பஞ்சம். மக்களுள் மிகப் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். உலகத் தொலைக்காட்சிகள் நெடுநாள் எட்டிப் பார்க்காத நாடு. அங்கு அவ்வாண்டில் 60,000க்கும் மேற்பட்ட, கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு இவர்கள் சிகிச்சையளித்தனர். நிலக்கடலை, பால்மா, எண்ணெய், சர்க்கரை, உயிர்ச்சத்துகள் சேர்த்த விழுதைப் பொட்டலங்களாகத் தாய்மார்களிடம் கொடுத்தனுப்பினர். தண்ணீர் கலக்க வேண்டியதில்லை, அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை எடை பார்க்க வந்தால் போதும். மருத்துவமனைக் கட்டில்கள் மிகக் கடுமையான நிலையிலுள்ள குழந்தைகளுக்கு மட்டும் என்றாகிவிட்டதால்தான் இத்தனை பேரைக் காப்பாற்ற முடிந்தது. சூடானின் தார்ஃபூருக்கும், அவ்வாண்டு அக்டோபரில் பூகம்பம் தாக்கிய காஷ்மீரின் முஸஃப்பராபாத் பகுதிக்கும் இவ்விதமே உதவிகள் சென்றன.

2016இல் பணத்தை மறுத்த மற்றொரு நிகழ்வு. சிரியா முதலிய நாடுகளின் அகதிகளைத் துருக்கியிலேயே தடுத்து நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு மார்ச்சில் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அகதிகளை விரட்டுபவர்களின் பணத்தில் அகதிகளுக்கு மருந்து கொடுக்க மாட்டோம் என்ற நிலையெடுத்து, ஒன்றியத்தின் நிதியையும் அதன் உறுப்பு நாடுகளின் நிதியையும் ஜூன் மாதத்தில் இவர்கள் நிராகரித்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் அவ்வகையில் வந்தது 5 கோடியே 60 இலட்சம் யூரோ. இப்படி மறுக்க முடிந்ததற்குக் காரணம், வருமானத்தில் 95 விழுக்காட்டிற்கு மேல் தனி மனிதர்களும் தனியார் நிறுவனங்களும் தருவதே. எழுபது இலட்சம் அளவிலான கொடையாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுப்பதால் எந்த அரசும் இவர்களது கையைப் பிடிக்க முடிவதில்லை. மொத்தச் செலவில் சுமார் 80 விழுக்காடு மருத்துவப் பணிகளுக்கும், எஞ்சியது நிதி திரட்டலுக்கும் நிர்வாகத்திற்கும் செல்கிறது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது.

இந்த 20 விழுக்காட்டைக் கண்டு சிலர் முகம் சுளிக்கின்றனர். ஜகாத் பெறத் தகுதியுள்ள எண்வகையினரில் அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். உழைப்பவருக்குக் கூலி உண்டு. அதை மறைக்கக்கூடாது என்பதுதான் விஷயம். நிர்வாகச் செலவே இல்லை என்று சொல்லும் நிறுவனத்தைக் கண்டால்தான் நாம் இரண்டு முறை விசாரிக்க வேண்டும். பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றபோது, தாய் தந்தையர் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டு, கணக்கும் பார்த்தார்கள். கணக்குக் கேட்பது ஸுன்னத்தாகும், அவமதிப்பாகாது.

குறைகள்

அவர்கள் மலக்குகள் அல்லர். 1994இல் ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் ஜயர் நாட்டு அகதி முகாம்களைக் கொலைகாரர்களே ஆட்டிப்படைத்து, உதவிப் பொருட்களைத் தம் படைக்குத் திருப்பினர். பிரெஞ்சுப் பிரிவு அவ்வாண்டிலேயே வெளியேறியது. ஏனைய பிரிவுகள் அப்பாவிகளைக் கைவிடலாகாது என்று மேலும் பல மாதங்கள் தங்கின. யார் சரி என்னும் வாதம் அவர்களுக்குள்ளேயே தீரவில்லை. சோமாலியாவில் 22 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 2013இல் தாக்குதல்கள், கடத்தல்கள் காரணமாக வெளியேறியபோது, வேறு மருத்துவமே இல்லாத மக்கள் நிராதரவாயினர், 2017இல்தான் திரும்பினர். 2018 பிப்ரவரியில், அதற்கு முந்தைய ஆண்டில் பாலியல் அத்துமீறல், தொல்லை தொடர்பாக 24 சம்பவங்கள் உறுதிப்பட்டதாகவும் 19 பேரைப் பணிநீக்கம் செய்ததாகவும் தாங்களாகவே வெளியிட்டனர். இது பெருங்குற்றம், மூடி மறைக்காததால் அது சிறிதாகிவிடாது. 2020இல் அவர்களுடைய ஊழியர்கள் ஆயிரம் பேரளவில் கையொப்பமிட்டு, அமைப்புக்குள் நிறவெறி வேரோடியிருப்பதாகக் குற்றஞ்சாட்டினர். களப்பணியாளருள் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவர். முடிவெடுக்கும் நாற்காலிகளோ ஐரோப்பாவில். இக்குறை சரிசெய்யப்பட்டு வருவதாகச் சொல்கின்றனர். ஆண்டறிக்கைகளில் அதைக் கவனித்துவர வேண்டியது கொடையாளரின் பொறுப்பு.

எந்தப் பணத்தைக் கொடுப்பது?

ஹனஃபி மத்ஹபில் ஜகாத் நிறைவேற, தகுதியுள்ள ஏழையிடம் அப்பொருளை உடைமையாக்கிக் கொடுப்பது நிபந்தனை. மருத்துவரின் ஊதியம், கட்டடம், வாகன எரிபொருள் ஆகியவை அதில் அடங்கா. ஷாஃபிஈ மத்ஹபிலும் எண்வகையினருக்குச் சென்று சேர வேண்டும் என்பதே விதி. தற்கால அறிஞர்களுள் சிலர் 'அல்லாஹ்வின் பாதை' என்பதற்கு விரிந்த பொருள் கொண்டிருந்தாலும், நம் பகுதி உலமாக்கள் அதை ஏற்றுச் செயல்படவில்லை. மேலும் இவ்வமைப்பு நோயாளியின் மதத்தைக் கேட்பதில்லை. ஜகாத்தோ, பெரும்பான்மை இமாம்களின் கூற்றுப்படி, முஸ்லிம் ஏழைகளுக்குரியது. ஆகவே இவர்களுடைய பொது நிதிக்கு ஜகாத்தைக் கொடுக்க வேண்டாம் என்பதே நமது கருத்து. ஜகாத்துக்கு நம் தெருவிலேயே உரியவர்கள் இருக்கிறார்கள்.

உபரியான ஸதகாவுக்கு இத்தடை இல்லை. முஸ்லிமல்லாத உறவினருக்கு உதவுவதில் ஸஹாபாக்களுக்குத் தயக்கம் ஏற்பட்டபோது அதை நீக்கி வஹீ வந்தது. ஏழை, அநாதையோடு சிறைக்கைதிக்கும் உணவளிப்போரைச் சூரத்துல் இன்ஸான் புகழ்கிறது. அன்றைய கைதிகள் யாரென்று நமக்குத் தெரியும். வங்கி வட்டியாக வந்து சேர்ந்த பணத்தை நன்மையை நாடாமல் கழித்துவிட நினைப்போர் இங்கே அனுப்பலாமா என்றும் கேட்கின்றனர். உலமாக்கள் அதற்குக் காட்டிய வழி, நன்மையை எதிர்பாராமல் தேவையுள்ளோரிடம் சேர்த்துவிடுவதே. மருத்துவ உதவி அதற்குப் புறம்பானதன்று. ஆனால், நல்ல பணம் நமக்கு, கழிவுப் பணம் மருத்துவமனைக்கு என்பதையே வழக்கமாக்கிக்கொள்வது அழகல்ல.

அறக்கட்டளைகள் இந்தியாவுக்கு வெளியே பணம் செலவிடுவதில் அரசு விதிகள் இருப்பதால், பைத்துல் மாலிலிருந்து அனுப்புவதைத் தவிர்க்கவும். வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் அந்தந்த நாட்டுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வழியில் தாமே செலுத்தட்டும். செலுத்தும்போது ஒரு குறிப்பிட்ட பேரிடரின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் பொது நிதி என்பதைத் தேர்ந்தெடுப்பது மேல். அவ்வாறாயின் தொலைக்காட்சி காட்டாத நைஜரைப் போன்ற நாட்டுக்கும் அதைக் கொண்டு செல்ல, கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டிய சிரமம் அவர்களுக்கு இராது. காஸாவுக்கு மட்டும் என்று எவரேனும் நிய்யத் செய்திருந்தால் அதை எழுத்தில் குறிப்பிட்டு, ரசீதையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.